இரண்டாவது கார்ட் வேண்டுமாம்!



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை இரண்டு மூன்று தடவை வாசித்தேன். எழுதியவர் ஒரு தாய். கணவர் வெளிநாட்டில் உழைக்கிறார். மூத்த மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் இருக்கிறார். அவரிடம் மாமா வாங்கிக் கொடுத்த பாவித்த கணனி ஒன்று இருக்கிறது. அதிலே பாடமும் படிப்பார், விளையாடவும் செய்வார்.

இப்போது மகன் ஒரு கோரிக்கை வைத்திருக்கிறார். அவருடைய கணனியில் இருப்பது ஜீ.டீ.எக்ஸ். 1070 என்ற கிராபிக்ஸ் கார்ட். அதே கார்ட் ஒன்றை நண்பர் ஒருவர் மலிவாக விற்கிறாராம். "உம்மா, ஒன்றுக்கு இரண்டு போட்டால் வேகம் இரட்டிப்பாகும். இடமும் சும்மாதான் கிடக்கிறது" என்கிறாராம். தாயின் கையில் சீட்டுக் காசு கொஞ்சம் இருக்கிறது. அது கூரை திருத்தவென்று எடுத்து வைத்தது.

"இல்லை என்று சொன்னால் ஒரு கிழமைக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார். சரி என்று சொன்னால் அவரது வாப்பாவின் வியர்வையை விளையாட்டில் போட்டேன் என்று என் மனம் குத்தும். எனக்கு அந்தக் கார்ட் என்றால் என்னவென்றே தெரியாது. என்ன செய்வது மௌலவி?" இதுதான் கடிதத்தின் சாரம்.

இக்கேள்விக்குப் பதில் எழுத எனக்குச் சற்றுக் கூச்சமாக இருந்தது. காரணம், இதே கேள்வி எங்கள் வீட்டிலும் ஒருமுறை வந்தது. அப்போது நான் சொன்ன பதில் பிழையான பதில். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

2019இல் என் மகனுக்குப் பதினாறு வயது. அவனுடைய கணனியில் ஜீ.டீ.எக்ஸ். 1060 என்ற கார்ட் இருந்தது. விளையாடும்போது படம் விட்டுவிட்டு ஓடுகிறது, இன்னொரு கார்ட் வாங்கித் தாருங்கள் வாப்பா என்றான். நான் என்ன ஏது என்று ஒரு சொல் கேட்கவில்லை. "இது வீண்விரயம்" என்று தொடங்கி அரை மணி நேரம் உபதேசம் செய்தேன். மத்ரசாவில் நாளெல்லாம் பேசிப் பழகிய நாக்கு, வீட்டிலும் நிற்கவில்லை. மகன் தலையைக் குனிந்து கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். பிள்ளை விளங்கிக்கொண்டான் என்று நினைத்தேன்.

அவன் விளங்கிக்கொண்டது வேறொன்று. வாப்பாவிடம் இதைப்பற்றிப் பேசிப் பயனில்லை என்பதைத்தான் அவன் விளங்கிக்கொண்டான். பெருநாளைக்குக் கிடைத்த காசு, பெரியம்மா கொடுத்த காசு எல்லாவற்றையும் சேர்த்து, எங்களுக்குத் தெரியாமல் பாவித்த 1060 கார்ட் ஒன்றை வாங்கிவிட்டான். கொண்டுவந்து பூட்டிப் பார்த்தால் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு மாதம் அந்தக் கார்ட் அவனது உடுப்பு அலுமாரிக்குள் கிடந்தது. துணி மடித்து வைக்கப்போன அவனுடைய உம்மாதான் கண்டெடுத்தார்.

பிறகுதான் தெரியவந்தது, 1060 கார்டில் இரண்டை இணைப்பதற்கான பொருத்தியே கிடையாது. தயாரித்த என்விடியா நிறுவனம் அந்த வசதியை 1070இலும் அதற்கு மேலும்தான் வைத்திருந்தது. எவரிடமாவது கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார்கள். ஆனால் யாரிடம் கேட்பான்? கேட்க வேண்டிய வாப்பா உபதேசம் செய்துவிட்டுப் போய்விட்டாரே!

காசு போனதைவிட, இரண்டு மாதம் என் மகன் எனக்கு மறைத்து வாழ்ந்தான் என்பதுதான் என்னைச் சுட்டது. அன்றுதான் அவனுடன் உட்கார்ந்து இந்தக் கார்டைப்பற்றிப் படிக்கத் தொடங்கினேன். இப்போது உங்களுக்குச் சொல்வது அப்படிப் படித்தவையும், பிறகு அறிந்தவையும்தான்.

கார்ட் என்ன வேலை செய்கிறது?

கணனியின் திரையில் ஓடும் படம் உண்மையில் அசையும் படம் அல்ல. தனித்தனிப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேகமாக மாறுகின்றன. செக்கனுக்கு 60 படம் வந்தால் கண்ணுக்கு ஓட்டம் சீராகத் தெரியும். 25, 30 என்று குறைந்தால் தடக்குவதுபோல இருக்கும். இந்தப் படங்களை வரைந்து தள்ளுவதுதான் கிராபிக்ஸ் கார்டின் வேலை.

அப்படியானால் இரண்டு கார்ட் போட்டால் இரண்டு மடங்கு படம் வராதா? நியாயமான கேள்விதான். உங்கள் மகன் இல்லாத ஒன்றைச் சொல்லவில்லை. 1998இல் த்ரீடிஎப்எக்ஸ் என்ற நிறுவனம் வூடூ 2 என்ற கார்டை வெளியிட்டது. அதில் இரண்டை இணைத்தால் திரையின் கோடுகளில் ஒன்றுவிட்டு ஒன்றாக ஒவ்வொரு கார்டும் வரையும். அந்த நிறுவனத்தின் சொத்துகளை என்விடியா வாங்கியது. 2004இல் எஸ்.எல்.ஐ. என்ற அதே பெயரில் தனது கார்டுகளை இணைக்கும் முறையைக் கொண்டுவந்தது. மறு வருடம் ஏ.டீ.ஐ. நிறுவனம் குரொஸ்பயர் என்று தன்னுடைய முறையைக் கொண்டுவந்தது. பத்துப் பன்னிரண்டு வருடங்கள் விளையாட்டுப் பிரியர்களுக்கு இரட்டைக் கார்ட் ஒரு பெருமையாகவே இருந்தது.

இரண்டு அடுப்பு, ஒரு பிள்ளை

இதில் வந்த சிக்கலைச் சமையலறையிலிருந்தே விளக்கலாம்.

நோன்பு திறக்கும் நேரம் நெருங்குகிறது. இரண்டு சகோதரிகள் இரண்டு அடுப்பில் ரொட்டி சுடுகிறார்கள். முதல் ரொட்டி மூத்தவர், இரண்டாவது இளையவர், மூன்றாவது மீண்டும் மூத்தவர் என்று முறை. இரட்டைக் கார்டும் பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்தது. ஒரு படம் இதற்கு, அடுத்த படம் அதற்கு.

ஒன்று: இருவரும் ஒரே நேரத்தில் ரொட்டியை எடுத்துவிட்டால், இரண்டு சேர்ந்து வரும், பிறகு சற்று நேரம் ஒன்றும் வராது. எண்ணிப் பார்த்தால் ரொட்டிக் கணக்குச் சரி. ஆனால் சாப்பிடும் பிள்ளை காத்திருக்கிறது. இரட்டைக் கார்டிலும் படத்தின் எண்ணிக்கை கூடியிருக்கும், கண்ணுக்கு மட்டும் ஒரு நடுக்கம் தெரியும். இக்குறை பலராலும் பேசப்பட்டது.

இரண்டு: இரண்டு அடுப்பென்றால் இரண்டு இடத்திலும் மா, தேங்காய்ப்பூ, உப்பு எல்லாம் இருக்க வேண்டும். அதுபோல ஒவ்வொரு கார்டும் விளையாட்டின் அதே சாமான்களைத் தன் நினைவகத்தில் வைத்திருக்க வேண்டும். 1070இல் 8 ஜிகாபைட் இருக்கிறது. இரண்டு போட்டால் 16 ஆகிவிடும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். இந்த முறையில் அது 8 ஆகவே இருக்கும்.

மூன்று: இக்காலத்து விளையாட்டுகள் பலவற்றில் ஒரு படத்தை வரைய முந்திய படத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. மூத்தவர் சுட்ட ரொட்டியைப் பார்த்துத்தான் இளையவர் தட்ட வேண்டும் என்றால் இரண்டு அடுப்பு எரிந்து என்ன பயன்? ஒருவர் வேலை செய்ய மற்றவர் பார்த்துக்கொண்டு நிற்பார்.

நான்கு: யார் எதைச் சுடுவது என்று சொல்ல ஒருவர் வேண்டும். முன்பு கார்ட் நிறுவனங்களே ஒவ்வொரு விளையாட்டுக்கும் அந்த ஏற்பாட்டைத் தமது டிரைவர் மென்பொருளில் எழுதிக் கொடுத்தன. 2015இல் டைரக்ட்எக்ஸ் 12 வந்தபின் அந்தப் பொறுப்பு விளையாட்டைத் தயாரிப்பவர்களின் தலையில் விழுந்தது. இரட்டைக் கார்ட் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலருக்காக யார் மெனக்கெடுவார்கள்?

முடிவு என்ன? ஏ.எம்.டி. நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஆர்.எக்ஸ். 5700 கார்டுகளில் குரொஸ்பயர் இல்லை. என்விடியா 2020இல் வெளியிட்ட 30 வரிசைக் கார்டுகளில் மிகப் பெரிதான 3090 ஒன்றில் மட்டுமே இணைப்பு இருந்தது. 2021 ஜனவரி 1 முதல் பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்.எல்.ஐ. ஏற்பாடுகள் எதுவும் எழுதுவதில்லை என்று அந்நிறுவனம் அறிவித்துவிட்டது. 2022இல் வந்த 40 வரிசையில் அந்த இணைப்பே கிடையாது.

ஆகவே சகோதரி, உங்கள் மகனுடைய 1070இல் இரண்டை இணைக்கலாம் என்பது உண்மை. 2015இல் வந்த தி விட்சர் 3 போன்ற பழைய விளையாட்டுகள் சிலவற்றில் வேகம் கூடும் என்பதும் உண்மை. அங்கேயும் முழு இரட்டிப்பு வராது. 2020இன் இறுதியில் வந்த சைபர்பங்க் 2077 போன்ற புதிய விளையாட்டுகளில் இரண்டாவது கார்ட் சும்மா கிடக்கும்.

கார்டின் விலை மட்டும் செலவல்ல

மலிவாகக் கிடைக்கிறது என்கிறார் மகன். கார்டின் விலை மலிவாக இருக்கலாம். அதன் பின்னால் வருவதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஒரு 1070 கார்ட் முழு வேலையில் 150 வொட் வரை இழுக்கும். இரண்டென்றால் 300 வொட். கணனியின் ஏனைய பாகங்களுக்கும் மின்சாரம் வேண்டும். பழைய பவர் சப்ளை தாங்காவிட்டால் அதையும் மாற்ற வேண்டிவரும். மதர்போர்டில் இரண்டு நீளமான துளைகள் இருந்தால் மட்டும் போதாது, அந்த போர்ட் எஸ்.எல்.ஐ.க்கு இடம் தருவதாக இருக்க வேண்டும். விலை குறைந்த போர்டுகளில் இரண்டாவது துளை இருந்தாலும் எஸ்.எல்.ஐ. வேலை செய்யாது. இரண்டையும் இணைக்கும் பாலம் என்ற சிறு துண்டு ஒன்றும் வேண்டும்.

மின்பட்டியலையும் பாருங்கள். மேலதிகமாக 150 வொட், நாளுக்கு 4 மணி நேரம், 30 நாள் என்றால் மாதத்துக்கு 18 அலகு கூடும். நமது நாட்டில் அலகு ஏற ஏற ஒவ்வோர் அலகின் விலையும் ஏறுகிறது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விளிம்பில் நிற்கும் வீட்டுப் பட்டியல் அந்த 18 அலகினால் அடுத்த படிக்கு ஏறிவிடும். போதாததற்கு அவ்வளவு மின்சாரமும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். சிறிய அறையில் மின்விசிறியும் கூடவே சுழல வேண்டும்.

இன்னொன்று, பாவித்த கார்டின் வரலாறு. எதிரியம் என்ற எண்ணிம நாணயத்தை உருவாக்க இரவு பகலாக ஓட்டப்பட்ட கார்டுகள் ஏராளம். 2022 செப்டெம்பரில் அந்நாணயம் தனது முறையை மாற்றியதால் அந்தக் கார்டுகளுக்கு வேலை இல்லாமல் போய், உலகெங்கும் பாவித்த சந்தைக்கு வந்தன. நண்பரின் கார்ட் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. எங்கே இருந்தது, எவ்வளவு ஓடியது என்று கேட்பதில் பிழையில்லை என்கிறேன்.

உண்மையில் குறை எங்கே?

மீண்டும் என் மகனின் கதைக்கு வருகிறேன். ஒளித்து வைத்த கார்ட் அகப்பட்ட பிறகு, கணனி திருத்தும் ஒருவரிடம் இருவரும் போனோம். அவர் முதலில் பெட்டியைத் திறந்து தூசியை ஊதினார். ஒரு கைப்பிடி அளவு வந்தது. பிறகு விளையாட்டை ஓடவிட்டுப் பார்த்தார். "கார்டில் பிழை இல்லை, ரேம் போதவில்லை. 8 ஜிகாபைட் தட்டு ஒன்றுதான் இருக்கிறது. அதேபோல இன்னொன்று போடுங்கள்" என்றார். போட்டோம். ரேம் தட்டுகளை இரண்டாகப் போட்டால் கணனி இரண்டையும் ஒன்றாகப் பயன்படுத்தும். இடமும் கூடும், வேகமும் கூடும். என் மகனுக்கு இரண்டாவதாக வேண்டியிருந்தது அதுதான். ஒளித்து வைத்த கார்டை விற்றோம். வாங்கிய விலையில் பாதி கூடத் தேறவில்லை.

ஆகவே வாங்குவதற்கு முன் குறை எங்கே என்று பாருங்கள். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். மகனுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். "எப்போது தடக்குகிறது, காட்டுங்கள் மகன்" என்று கேளுங்கள்.

பிறரோடு இணையத்தில் ஆடும்போது மட்டும் தடக்குகிறது என்றால், பெரும்பாலும் இணைப்பில்தான் குறை. பத்துக் கார்ட் போட்டாலும் அது தீராது.

தனியாக ஆடும்போதும் தடக்கினால், விளையாட்டின் படத் தரத்தைக் குறைத்து வைத்து ஓட்டச் சொல்லுங்கள். வேகம் நன்றாகக் கூடினால் கார்ட்தான் திணறுகிறது. கூடாவிட்டால் குறை கார்டுக்கு வெளியே, பிரதான செயலியிலோ ரேமிலோ இருக்கிறது. ஆரம்பத்தில் நன்றாக ஓடி அரை மணி நேரத்துக்குப் பிறகு குறைந்தால் தூசியையும் சூட்டையும் சந்தேகியுங்கள்.

திரையையும் பாருங்கள். 60 ஹேர்ட்ஸ் திரை செக்கனுக்கு 60 படம்தான் காட்டும். கார்ட் ஏற்கனவே 60 கொடுக்கிறது என்றால், அதற்கு மேல் வருவதை அந்தத் திரை காட்டப்போவதில்லை.

கார்ட்தான் குறை என்று தெளிவானால், இரண்டாவது பழைய கார்டைச் சேர்ப்பதைவிட இருப்பதை விற்று அந்தக் காசோடு புதிய தலைமுறைக் கார்ட் ஒன்றை எடுப்பதே அறிவு. உதாரணமாக, 2023இல் வந்த ஆர்.டீ.எக்ஸ். 4060 ஒற்றைக் கார்ட். 1070ஐவிட வேகமானது, இழுப்பதோ 115 வொட். அதற்கும் இப்போது வசதி இல்லையா? படத் தரத்தை ஒரு படி இறக்கி வைத்து, காசு சேரும்வரை பொறுத்திருக்கலாம். 

இரண்டு கார்ட் எப்போது தகும்?

நியாயமாகப் பேச வேண்டும் அல்லவா? இரண்டாவது கார்ட் எல்லோருக்கும் வீண் என்று நான் சொல்லமாட்டேன்.

பிளெண்டர் போன்ற முப்பரிமாண வரைகலை மென்பொருளில் ஒரு காட்சியை முடித்தெடுக்கும் வேலையை இரண்டு கார்டுகளும் பிரித்துச் செய்யும். அங்கே பாலமும் வேண்டாம், நேரம் உண்மையாகவே மிச்சமாகும். மகன் அந்தத் தொழிலைக் கற்று அதில் சம்பாதிக்கவும் தொடங்கியிருந்தால் அது வேறு கணக்கு. அண்மைக் காலத்தில் லொஸ்லெஸ் ஸ்கேலிங் என்ற மென்பொருளைக் கொண்டு, இரண்டாவது கார்டினால் இடைப்படங்களை உண்டாக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. மகன் அதைச் சொல்லக்கூடும். அதிலே ஓட்டம் மென்மையாகத் தெரியும். ஆனால் கை அசைத்ததற்குத் திரை பதில் தரும் வேகம் அதனால் கூடாது. கூரைக் காசை எடுத்துச் செய்யும் காரியம் அது அல்ல.

எப்படிச் சொல்வது?

சகோதரி, உங்கள் கேள்விக்கு என் பதில் "வாங்க வேண்டாம்" என்பதே. ஆனால் அந்தச் சொல்லை அப்படியே கொண்டுபோய் மகனிடம் கொடுத்துவிடாதீர்கள். மௌலவி சொல்லிவிட்டார் என்றும் சொல்லாதீர்கள். நான் 2019இல் சொன்னதும் "வேண்டாம்" தான். பதில் சரியாக இருந்தும் அதற்குப் பின்னால் அறிவு இருக்கவில்லை. பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

அவருடன் ஒரு பின்னேரம் உட்காருங்கள். மேலே சொன்ன சோதனைகளை அவரே செய்து உங்களுக்கு விளக்கட்டும். அவர் விளையாடும் விளையாட்டுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு கார்டை ஏற்குமா என்று அவரே தேடிப் பக்கத்தில் எழுதட்டும். பவர் சப்ளை, போர்ட், பாலம், மின்பட்டியல் என்று செலவையும் அவர் கையாலேயே கூட்டட்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு வாப்பாவிடம் தொலைபேசியில் அவரே பேசட்டும். அதன் பிறகு "வேண்டாம்" என்ற சொல்லை நீங்கள் சொல்ல வேண்டியே வராது என்று எண்ணுகிறேன்.

கூரைக் காசைப்பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் எது முந்தியது என்று பதினெட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியத்தான் வேண்டும். தெரிவித்தால் பொறுப்பார். தெரிவிக்காமல் மறுத்தால் உம்மாவுக்கு மனமில்லை என்றுதான் நினைப்பார்.

எங்கள் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது போல உங்கள் வீட்டில் எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன். அந்தப் பின்னேரம் எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள். மகனே எழுதினால் இன்னும் சந்தோஷம்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.